சாதாரணக் கைப்பேசியில் இணையமும் மின்னஞ்சலும்: முதன்முறை தொடங்குவோருக்கு

2010-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைத்த சாதாரணக் கைப்பேசிகளை மனத்தில் கொண்டே இவ்வழிகாட்டி எழுதப்பட்டது; இதில் வரும் கருவிகள், கட்டணங்கள், சேவைகள், மென்பொருள்கள் எல்லாம் அக்காலத்தவை. ஐஃபோன், பிளாக்பெர்ரி ஆகியவற்றை வைத்திருப்போருக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. நோக்கியா 2700 கிளாசிக், 5130 எக்ஸ்பிரஸ்மியூசிக் போன்ற கருவிகளை வாங்கிப் பேசவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே பயன்படுத்திக்கொண்டு, மின்னஞ்சல் பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் பிரவுசிங் சென்டருக்குப் போய்வருவோருக்கே இது பயன்படும். சென்னையில் பி.எஸ்.என்.எல். 2009-ஆம் ஆண்டிலேயே 3ஜி சேவையைத் தொடங்கிவிட்டது என்றாலும், தனியார் நிறுவனங்களுக்கான 3ஜி அலைக்கற்றை ஏலம் 2010 மே மாதம்தான் முடிந்தது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் மேலும் சில காலத்துக்கு, 3ஜிக்கு முந்தைய கைப்பேசி இணைய வசதியான ஜிபிஆர்எஸ் இணைப்பையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. அது வேகம் குறைந்ததுதான். ஆனால் அஞ்சல் படிக்கவும், செய்தி பார்க்கவும், ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். நிலையை அறியவும் அது போதும்.

கருவியில் பார்க்க வேண்டியவை

கருவியின் அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ஒன்று ஜிபிஆர்எஸ், மற்றொன்று கைப்பேசியில் சிறு மென்பொருள்களை இயக்க உதவும் ஜாவா. முதலாவது இல்லையென்றால் இணையமே இல்லை. நோக்கியா 1100, 1600 போன்ற எளிய கருவிகளில் அது கிடையாது. அவற்றில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. ஜாவா இருந்தால்தான் பின்னர் சொல்லப்போகும் ஓபரா மினி, ஜிமெயில் ஆகிய மென்பொருள்களை நிறுவ முடியும். எட்ஜ் வசதியும் இருந்தால் நல்லது. அது ஜிபிஆர்எஸ்ஸின் வேகமான வடிவம். இணைப்பு கிடைக்கும்போது திரையின் மேல்பகுதியில் ஜி அல்லது இ என்னும் ஆங்கில எழுத்து தோன்றுவதைக் கொண்டு, அப்போது எந்த வகை இணைப்பில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அக்காலத்தில் ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் ஆகியவை விற்ற, வேறு வகை வலையமைப்பில் இயங்கும் சி.டி.எம்.ஏ. கருவிகளுக்கு முறை வேறு. அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

ஜிபிஆர்எஸ் இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் பாதியாகக் குறையும். கணினியில் மோடம் வைத்துத் தொலைபேசி வழியாக இணைத்த காலத்தில், இணைந்திருந்த நேரத்துக்குக் கட்டணம் கொடுத்தோம். இங்கே நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வந்து போகும் தகவலின் அளவுக்கே கட்டணம். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படித்தாலும், அது முழுமையாக வந்திறங்கிய பிறகு செலவு கூடாது. நான்கு காலக்கூறுகளை (கோபுரம் கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் நேரத் துண்டுகளை) பயன்படுத்தும் கருவியில் ஜிபிஆர்எஸ்ஸின் வேகம் ஏட்டுக் கணக்குப்படி விநாடிக்கு 53.6 கிலோபிட் (8 கிலோபிட் ஒரு கிலோபைட்). கோபுரத்தில் பேச்சழைப்புகளுக்கே முன்னுரிமை என்பதால், நடைமுறையில் விநாடிக்கு 3 முதல் 5 கிலோபைட் வந்தால் அதுவே நல்ல வேகம். மாலை நேரங்களில் அதுவும் குறையும். நம் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் பேசிக்கொண்டிருக்கும்போது தகவல் இணைப்பு தற்காலிகமாக நின்றுவிடும். பேசி முடித்ததும் தானே தொடரும். எனவே பாதிப் பதிவிறக்கத்தில் அழைப்பு வந்தால் பதற வேண்டியதில்லை.

செலவு

எதையும் திறந்து பார்ப்பதற்கு முன்னால் பணத்தைப் பற்றி முடிவு செய்துகொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்பவர்களே, பேலன்ஸ் எங்கே போயிற்று என்று ரீசார்ஜ் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறார்கள். தனியாக எந்தத் திட்டமும் போடாத ப்ரீபெய்டு சிம்களில் 10 கிலோபைட்டுக்கு 10 பைசா என்பது 2010-இல் பரவலாக இருந்த கட்டணம். கேட்பதற்குச் சிறிய தொகையாகத்தான் இருக்கும். ஆனால் 1 மெகாபைட் என்பது 1,024 கிலோபைட் ஆகையால், ஒரு மெகாபைட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆயிற்று. கணினிக்கென்று அமைக்கப்பட்ட ஒரு செய்தித்தளத்தின் முகப்புப் பக்கம் படங்களோடு சேர்ந்து 300 கிலோபைட் இருந்தால், அதை ஒருமுறை திறப்பதற்கே மூன்று ரூபாய் போய்விடும். நான்கு நிமிடம் நீளும் ஒரு எம்பி3 பாட்டு ஏறத்தாழ 4 மெகாபைட். அதற்கு நாற்பது ரூபாய்.

இதே அளவுகளை ஒரு மாதத் திட்டத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அஞ்சல் பார்ப்பவர், ஏதாவதொரு மாதாந்திரத் திட்டத்தைப் போட்டுக்கொள்வதே மேல். நாள்கணக்கில் போடும் சிறிய திட்டங்கள் பயணத்தின்போது மட்டும் தேவைப்படுபவர்களுக்குச் சரி. திட்டத்தைப் போடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை நாள் செல்லும், வரம்பைத் தாண்டினால் எந்தக் கட்டணத்தில் கழிப்பார்கள், எந்த ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு அது பொருந்தும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆனால் திட்டம் போட்டிருந்தும் முதன்மைப் பேலன்ஸிலிருந்து பணம் கழிவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆக்சஸ் பாயிண்ட்: எல்லாத் தொல்லைக்கும் மூல இடம்

கைப்பேசி வலையமைப்பிலிருந்து இணையத்துக்குள் நுழையும் வாயிலின் பெயரே ஆக்சஸ் பாயிண்ட். பொதுவாக ஒவ்வொரு நிறுவனமும் இத்தகைய வாயில்கள் இரண்டை வைத்திருந்தது. ஒன்று வாப் வாயில்: அந்நிறுவனம் ரிங்டோன், சினிமாப் படம், கிரிக்கெட் ஸ்கோர் விற்கும் தன் சொந்தப் பக்கங்களுக்காக வைத்திருப்பது. இது எல்லாத் தகவலையும் ஒரு இடைநிலைச் சேவையகம் (சர்வர்) வழியாகவே அனுப்பும். மற்றொன்று முழு இணைய வாயில். 2010-இல் ஏர்டெல்லில் வாப் வாயிலின் பெயர் ஏர்டெல்ஃபன் டாட் காம். முழு இணையத்துக்கான பெயர் ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். அப்போதைய வோடஃபோனில் முழு இணைய வாயிலுக்கு, இணைய முகவரிகளின் தொடக்கத்தில் வரும் மூன்று டபிள்யூக்களே பெயராக இருந்தன. பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருப்பவர்கள் தங்கள் பகுதிக்குரிய பெயரை வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இப்பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றித் தட்ட வேண்டும். முடிவில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் இணைப்பு கிடைக்காது. திரையில் பார்த்தாலும் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது.

முதலில் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, உங்கள் எண்ணில் ஜிபிஆர்எஸ் சேவையை இயக்கித் தருமாறு கேளுங்கள். உங்கள் கருவியின் தயாரிப்பு நிறுவனத்தையும் மாதிரி எண்ணையும் சொல்லி, முழு இணையத்துக்கான அமைப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். அமைப்புகள் ஒரு சிறப்புக் குறுஞ்செய்தியாக வரும். அதைத் திறந்தால் சேமிக்கட்டுமா என்று கருவி கேட்கும். சில நிறுவனங்களின் செய்திகள் ஒரு இரகசிய எண்ணையும் கேட்கும். அதைச் சேவை மையத்தாரே சொல்வார்கள். சேமித்த பிறகு கருவியை ஒருமுறை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். சேவை இயக்கப்பட்ட விவரம் சிம்முக்கும் வலையமைப்புக்கும் இடையே புதுப்பிக்கப்படுவதற்கு இது தேவைப்படுகிறது. இதைச் செய்யாமல் அரை நாள் காத்திருப்பவர்கள் பலர்.

செய்தி வரவில்லை என்றாலோ, மாதிரி எண்ணே இல்லாத சைனா செட் என்றாலோ, நாமே அமைப்புகளை உள்ளிட வேண்டும். நோக்கியாவின் சீரிஸ் 40 கருவிகளில் (முதலில் சொன்ன 2700, 5130 போன்றவற்றில்) மெனுவிலிருந்து செட்டிங்ஸுக்கும், அங்கிருந்து கான்ஃபிகரேஷனுக்கும், பின்னர் தனிப்பட்ட அமைப்புகளுக்கான பகுதிக்கும் சென்று, வெப் என்னும் வகையில் புதியதொன்றைச் சேர்க்க வேண்டும். அதில் பிராக்ஸியை, அதாவது மேலே சொன்ன இடைநிலைச் சேவையகத்தை, நிறுத்திவிட்டு, பியரர் செட்டிங்ஸ் என்பதன் உள்ளே உள்ள பாக்கெட் டேட்டா ஆக்சஸ் பாயிண்ட் கட்டத்தில் மேலே சொன்ன பெயரை எழுதுங்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெரும்பாலும் காலியாகவே விட்டுவிடலாம். நோக்கியாவின் எஸ்60 என்னும் மற்றொரு வகைக் கருவிகளில் செட்டிங்ஸுக்குள் கனெக்‌ஷன் என்ற பகுதியில் ஆக்சஸ் பாயிண்ட்ஸ் இருக்கும். சைனா செட்டுகளில் பொதுவாகச் சர்வீசஸ் என்பதற்குள் டேட்டா அக்கவுண்ட் என்றொரு பட்டியல் இருக்கும். முதலில் அதில் ஜிபிஆர்எஸ் கணக்கைத் திருத்திவிட்டு, பிறகு அதே சர்வீசஸுக்குள் உள்ள இணைய அமைப்பில் அக்கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும் என்பது தெரியாமல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் கருவியைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது.

பிரவுசரில் பக்கங்கள் வருகின்றன, ஆனால் அஞ்சல் மென்பொருள் மட்டும் இணைய மறுக்கிறது என்றால், நீங்கள் வாப் வாயிலில் இருக்கிறீர்கள் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். வாப் வாயிலின் இடைநிலைச் சேவையகம் வலைப்பக்கங்களை மட்டுமே கடத்தும். அஞ்சலுக்குரிய பிற வழிகளை அது திறப்பதில்லை.

கடைசியாக, பாக்கெட் டேட்டா இணைப்பு எப்போதும் இருக்க வேண்டுமா, தேவைப்படும்போது மட்டுமா என்று கருவி கேட்கும் இடத்தில் தேவைப்படும்போது என்பதையே தேர்ந்தெடுங்கள், பாட்டரி நீடிக்கும். நோக்கியாவில் 0 விசையை அழுத்திப் பிடித்தால் பிரவுசர் திறந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். சட்டைப் பையில் கிடக்கும்போது அது அழுந்தினால் நாம் அறியாமலே பணம் போகும். விசைப்பலகையைப் பூட்டும் பழக்கம் இல்லாத பெரியவர்களின் கருவியில் இந்த அமைப்புகளைப் போடாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

பிரவுசரும் ஓபரா மினியும்

கருவியோடு வரும் பிரவுசரில் முதலில் ஒரு சிறிய பக்கத்தைத் திறந்து சோதியுங்கள். கூகுளின் முகப்பு இதற்குப் போதும். அது வந்துவிட்டால், அந்தப் பிரவுசரை ஓபரா மினியைப் பதிவிறக்குவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மறந்துவிடலாம் என்பது என் கருத்து. நார்வே நாட்டு நிறுவனமான ஓபரா 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் உலகெங்கும் வெளியிட்ட இம்மென்பொருள், ஒரு பக்கத்தை நேரே கருவிக்குக் கொண்டுவருவதில்லை. ஓபராவின் சேவையகம் அப்பக்கத்தை வாங்கி, படங்களைச் சுருக்கி, சிறிய திரைக்கேற்ப மறுவடிவமைத்து அனுப்புகிறது. முன்பு சொன்ன 300 கிலோபைட் பக்கம் இப்படி வரும்போது பலமுறை 30, 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதாவது மூன்று ரூபாய்ச் செலவு முப்பது நாற்பது பைசாவாகிறது.

மினி டாட் ஓபரா டாட் காம் என்ற முகவரிக்குச் சென்றால், உங்கள் கருவிக்குப் பொருத்தமான பதிப்பை அத்தளமே பரிந்துரைக்கும். 2010 மார்ச்சில் வந்த 5-ஆம் பதிப்பில் பல பக்கங்களைத் தனித்தனித் தாவல்களில் திறந்து வைக்கலாம். ஆனால் நினைவகம் குறைந்த கருவிகளில் அது தடுமாறும், அவற்றில் 4.2 பதிப்பே வசதியானது. நிறுவிய பின் முதன்முறை திறக்கும்போது, இம்மென்பொருள் இணையத்தைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா என்று கருவி கேட்கும். ஒவ்வொரு முறையும் இக்கேள்வி வந்து தொல்லை கொடுத்தால், மென்பொருளின் மீது நின்று ஆப்ஷன்ஸில் உள்ள அனுமதிகளுக்குச் சென்று, முதல்முறை மட்டும் கேட்குமாறு மாற்றிக்கொள்ளலாம். பிறகு ஓபரா மினியின் அமைப்புகளில் படங்களின் தரத்தைக் குறைத்துவிடுங்கள். செய்தி மட்டும் படிப்பவர்கள் படங்களை முற்றிலும் நிறுத்திவிடலாம்.

தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்களே தெரியும். கருவியின் மெனு தமிழில் இருந்தாலும், தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தாலும், பிரவுசருக்கு அந்த எழுத்துரு கிடைப்பதில்லை. இதற்கு ஓபரா மினியில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது எந்த மெனுவிலும் வெளிப்படையாக இல்லை. முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஓபரா என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியில்லாமல் கான்ஃபிக் என்று தட்டித் திறந்தால் ஒரு அமைப்புப் பக்கம் வரும். அதன் கீழ்ப்பகுதியில் சிக்கலான எழுத்து முறைகளுக்குப் பிட்மேப் எழுத்துருக்களைப் பயன்படுத்தவா என்ற கேள்வி இருக்கும். அதற்கு ஆம் என்று மாற்றிச் சேமித்துவிட்டால், ஓபராவின் சேவையகம் தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக்கி அனுப்பும். கொம்பும் காலும் இடம் மாறாமல் படிக்கலாம். எழுத்து படமாக வருவதால் பக்கத்தின் அளவு கூடும், செலவும் அதற்கேற்பக் கூடும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் உள்ள பக்கங்களுக்கு மட்டுமே இது பலிக்கும். தமக்கென்று தனி எழுத்துரு வைத்திருக்கும் பழைய தளங்கள் எந்த வழியிலும் சரியாகத் தெரியாது. அவை யூனிகோடுக்கு மாறினால்தான் உண்டு.

மின்னஞ்சல்: மூன்று வழிகள்

மிக எளிய வழி, பிரவுசரிலேயே அஞ்சல் தளத்தைத் திறப்பது. ஜிமெயிலுக்கு எம் டாட் ஜிமெயில் டாட் காம் என்ற முகவரியில் கைப்பேசிக்கென்றே சுருக்கிய வடிவம் அப்போது இருந்தது. எப்போதாவது பார்ப்பவர்களுக்கு இது போதும்.

இரண்டாவது வழி, கூகுள் அக்காலத்தில் வெளியிட்டிருந்த ஜிமெயில் ஜாவா மென்பொருள். தினமும் அஞ்சல் பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒருமுறை உள்நுழைந்துவிட்டால் மீண்டும் மீண்டும் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியதில்லை. அடுத்தடுத்த அஞ்சல்களைப் பின்னணியில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால் படிப்பதும் விரைவாக இருக்கும். இணைப்பாக வரும் வேர்டு, பிடிஎஃப் கோப்புகளின் உள்ளடக்கத்தையும், அவற்றைத் திறக்கும் வசதி கருவியில் இல்லாவிட்டாலும், இதில் படித்துவிடலாம். எம் டாட் கூகுள் டாட் காம் என்று தட்டி, ஒரு சாய்கோடு இட்டு, மெயில் என்று சேர்த்தால் இதற்கான பக்கம் அப்போது வந்தது.

மூன்றாவது, கருவியிலேயே உள்ள அஞ்சல் மென்பொருளில் நம் கணக்கை அமைப்பது. சற்று வேலை கூடுதல். ஆனால் அலுவலக அஞ்சல் போன்று வேறு நிறுவனங்களின் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதுவே வழி. 2010-இல் ஜிமெயிலில் இருந்த நடைமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் ஒரு கணினியில் ஜிமெயிலின் அமைப்புகளுக்குச் சென்று, பாப் அல்லது ஐமேப் வசதியை இயக்கிச் சேமிக்க வேண்டும். பாப் என்பது அஞ்சலைக் கருவிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. ஐமேப் முறையில் அஞ்சல் சேவையகத்திலேயே இருக்கும், கருவியில் நாம் படித்ததும் நீக்கியதும் கணினியிலும் அப்படியே தெரியும். ஜிமெயிலில் இது 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தது. கருவி இரண்டையும் அனுமதித்தால் ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள்.

உள்வரும் அஞ்சலுக்கான சேவையகத்தின் பெயர் ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் எண் (சேவையகத்தில் நுழையும் வழியைக் குறிக்கும் எண்) 993. பாப் என்றால் பாப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் எண் 995. வெளிச்செல்லும் அஞ்சலுக்கு எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் எண் 465. மூன்றுக்கும், தகவலைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எல் பாதுகாப்பை இயக்க வேண்டும். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் முகவரியை முழுமையாக எழுத வேண்டும். வெளிச்செல்லும் சேவையகத்துக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனியாகக் கொடுக்க வேண்டும். அஞ்சல் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்ற புகார் பெரும்பாலும் இந்த இடத்தைக் காலியாக விட்டதால் வருவதே. ஆக்சஸ் பாயிண்ட் கட்டத்தில், மீண்டும் சொல்கிறேன், முழு இணைய வாயிலையே காட்ட வேண்டும்.

இணைக்கும்போது சேவையகத்தின் அடையாளச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று கருவி அறிவித்தால், அமைப்புகளைக் கலைக்காதீர்கள். கருவியின் தேதியைப் பாருங்கள். பாட்டரியைக் கழற்றி மாட்டியதில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அதைச் சரிசெய்தால் போதும்.

கணக்கு இணைந்ததும், முழு அஞ்சலையும் இறக்காமல் தலைப்புகளை மட்டும் வாங்குமாறு அமைத்துவிடுங்கள். அனுப்பியவர் பெயரையும் பொருளையும் பார்த்து, வேண்டியதை மட்டும் திறந்தால், யாரோ அனுப்பிய 2 மெகாபைட் பண்டிகை வாழ்த்துப் படத்துக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. தானாகவே அஞ்சலைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மாலைக்குள் பாட்டரி தீர்ந்துவிடும். பாப் முறையில், அஞ்சலின் படியைச் சேவையகத்தில் விட்டுவைக்கும் தேர்வை இயக்கியிருக்கிறீர்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்பது விசைகளில் அஞ்சல் எழுதுவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டும்போது சொல்லை ஊகித்து நிரப்பும் அகராதி வசதியை நிறுத்திவிடுங்கள். நோக்கியாவில் நட்சத்திர விசையை அழுத்தினால் சிறப்புக் குறிகளின் பட்டியல் வரும். முகவரியின் நடுவில் வரும் சுழிக்குறியும் அடிக்கோடும் அதில் உள்ளன. அடிக்கடி எழுதும் முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தந்தப் பெயரோடு சேர்த்துவைத்தால் மறுபடி தட்ட வேண்டாம். நீண்ட பதில்களைக் கணினிக்கு ஒத்திவைத்துவிட்டு, கைப்பேசியில் இரண்டு மூன்று வரிகளோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது.

பாதுகாப்பு

ஓபரா மினியில் பாதுகாக்கப்பட்ட பக்கங்களைத் திறக்கும்போது, தகவல் ஓபராவின் சேவையகத்தில் ஒருமுறை பூட்டவிழ்க்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டே நம்மிடம் வருகிறது. பக்கத்தைச் சுருக்குவதற்கு வேறு வழியில்லை. செய்தி படிக்க இது ஒரு பொருட்டல்ல. வங்கிக் கணக்கு, கடன் அட்டை ஆகியவற்றுக்கு ஓபரா மினியைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

கைப்பேசியைக் கடையில் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் ஜிமெயில் மென்பொருளிலிருந்து வெளியேறிவிடுங்கள். நோக்கியா கருவிகளின் பூட்டுக் குறியீடு தொடக்கத்தில் 12345 என்றே இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும் ஆகையால் அதை மாற்றிவையுங்கள். நட்சத்திரம், சதுரக்குறி, 06, சதுரக்குறி என்று தட்டினால் திரையில் வரும், கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணை (ஐ.எம்.இ.ஐ.) வீட்டில் ஒரு தாளில் குறித்துவைப்பதும் நல்லது. கருவி தொலைந்துவிட்டால் முதலில் சேவை மையத்தை அழைத்துச் சிம்மை முடக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, ஜிமெயில் பக்கத்தின் அடியில் உள்ள கடைசிக் கணக்குச் செயல்பாடு என்ற வரியில் விவரங்களைத் திறந்து, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள்.